தொலைபேசிக் கம்பியில் அதிவேக இணையம்: எமது குடியேற்றங்களுக்கு எது பொருந்தும்?

எமது பணியகத்துக்கு வரும் குடும்பங்களோடு முன்பெல்லாம் காணி அனுமதிப்பத்திரம், விதைநெல், கிணறு, மலசலகூடம் என்றே பேச்சுத் தொடங்கும். இப்போது அவற்றோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. "பாதர், வீட்டுக்கு இன்ரநெற் லைன் எடுக்கிறதா, விடுறதா?" கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கடை வைத்திருப்போர் கேட்கிறார்கள். நிந்தவூருக்கும் அட்டாளைச்சேனைக்கும் மேற்கே, வயலோரத்து வீட்டுத்திட்டங்களில் இருத்தப்பட்ட குடும்பங்களும் கேட்கின்றன. கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வருகிறவர்களிற் பெரும்பாலோர் இணைப்பை விற்க வருகிறவர்கள். விளக்கிச் சொல்ல வருகிறவர்கள் குறைவு.

எமது நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பத்துக்கு இணையம் ஆடம்பரப் பொருள் அல்ல. அதற்காக வீட்டுக்கு வீடு மாதக் கட்டணத்தைத் தலையில் ஏற்றிக்கொள்வதும் சரியான வழி அல்ல. கம்பி என்ன செய்யும், எவ்வளவு தூரத்துக்குச் செய்யும் என்று விளங்கிக்கொண்டு, குடியேற்றத்துக்கு ஒரு நல்ல இணைப்பைப் பொது இடத்தில் கூட்டாக வைத்துக்கொள்வதே முதற்படி என்பது எமது எண்ணம். வீட்டு இணைப்பு அதற்குப் பிறகு வரட்டும்.

ஆடம்பரம் அல்ல என்று ஏன் சொல்கிறோம்? 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடம் கைப்பேசிக்குள் போயிற்று. பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியரும் சிக்னல் தேடிக் காட்டுப் பாறையொன்றின் மேல் ஏறி இருந்ததை 2021 இல் உலகச் செய்திகள் காட்டின. அதே காலத்தில் எமது பகுதியில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி என்றிருந்த வீடுகள் எத்தனை என்று நீங்களே அறிவீர்கள். 2022 இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது, டீசல் பெறுவதற்கான கியூஆர் அட்டைக்குப் பதிவு இணையத்தில் நடந்தது. 2023 இல் அஸ்வெசும நலன்புரித் திட்டம் வந்தபோது பெயர்ப் பட்டியலும் மேன்முறையீடும் இணையத்தில் வந்தன. கந்தோரின் கதவு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் வரிசை வேறிடத்துக்குப் போய்விட்டது. அந்த வரிசை எங்கே நிற்கிறது என்று தெரியாதவன் தன் முறையை இழக்கிறான்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2014 ஆம் ஆண்டின் உலகத் தொடர்பு நாள் செய்தியில் இணையத்தை இறைவனின் கொடை என்றே குறிப்பிட்டார். அதே செய்தியில், இந்த வசதி கிட்டாதவர்கள் பின்தள்ளப்படும் ஆபத்தையும் அவர் எடுத்துச் சொன்னார். முதற் கருத்தைப் பலரும் மேடைகளில் எடுத்துச் சொல்கிறார்கள். எமது பணிக்கு இரண்டாவது கருத்துத்தான் கூடுதலாக வேண்டியிருக்கிறது.

கம்பிக்குள் நடப்பது என்ன?

கம்பித் தொலைபேசி என்பது தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு வரை வரும் ஒரு சோடி செம்புக் கம்பி. ஒன்றையொன்று முறுக்கியபடி அவை வருகின்றன. நாம் பேசும் குரல் அந்தக் கம்பியின் மிகச் சிறிய பகுதியையே பயன்படுத்துகிறது. ஒலி அதிர்வுக் கணக்கிற் சொன்னால், ஏறத்தாழ 4,000 ஹேர்ட்ஸுக்குக் கீழே குரல் முடிந்துவிடும். அதற்கு மேலே கம்பி ஆண்டாண்டு காலமாகத் தரிசாகக் கிடந்தது.

பழைய டயல்-அப் முறையில் கணனியும் அந்தச் சிறு பகுதிக்குள்ளேயே, தொலைபேசியிற் பேசுவது போலக் கீச்சிட்டுத் தகவலை அனுப்பியது. செக்கனுக்கு 56 கிலோபிற் என்பதே அதன் எல்லை. இணையத்தில் இருக்கும்போது யாரும் தொலைபேசி எடுக்க முடியாது. நிமிடக் கணக்கிற் கட்டணமும் ஏறிக்கொண்டிருக்கும்.

டி.எஸ்.எல். என்பது தரிசாகக் கிடந்த அந்த மேற்பகுதியைப் பயிரிட்டது. 1980களில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய ஜோசப் லெச்லைடர் என்ற பொறியியலாளர் இதற்கான வழியை முன்வைத்தவர்களுள் முக்கியமானவர். குரல் கீழே தன் பாட்டிற் போகும். தகவல் ஏறத்தாழ 25,000 ஹேர்ட்ஸிலிருந்து தொடங்கி 11 இலட்சம் ஹேர்ட்ஸ் வரை, பிந்திய வகையில் 22 இலட்சம் ஹேர்ட்ஸ் வரை மேலே போகும். ஆகவே ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் உம்மா மட்டக்களப்பில் இருக்கும் மகளோடு பேசலாம், மகன் பாடம் பார்க்கலாம். குரலையும் தகவலையும் பிரிப்பதற்குத்தான் ஸ்பிளிற்றர் என்ற சிறு பெட்டியைத் தருகிறார்கள். வீட்டில் இரண்டாவது தொலைபேசியை அந்தப் பெட்டியைத் தவிர்த்து நேரே கம்பியிற் செருகினால் பேச்சில் இரைச்சல் வரும், இணையமும் அடிக்கடி அறுந்துபோகும். பழுது என்று முறையிட்டு நாட்கணக்கிற் காத்திருக்குமுன் இதை ஒருமுறை பாருங்கள்.

இதில் பொதுவாக வீடுகளுக்குக் கிடைப்பது ஏ.டி.எஸ்.எல். எனப்படும் வகை. அதன் முதலெழுத்துக் குறிப்பது "சமமில்லாத" என்பதை. எம்மிடம் வரும் தகவல் வேகமாக வரும், எம்மிடமிருந்து போகும் தகவல் மெதுவாகப் போகும். காரணம் இரண்டு. வீட்டிலிருப்பவர் அனுப்புவதைவிடப் பெறுவதே கூட. அத்தோடு, ஊரிலுள்ள எல்லாக் கம்பிகளும் ஒரே கட்டாகச் சேர்ந்து நிலையத்துக்குள் நுழையும் இடத்தில் ஒன்றின் சத்தம் மற்றொன்றிற் கலந்துவிடும். வீடுகளிலிருந்து களைத்து வந்து சேரும் சத்தமே அங்கு இலகுவில் அமுங்கிப்போவது. அதனால் அந்தத் திசைக்குக் குறைந்த இடம் ஒதுக்கினார்கள்.

சிறு வியாபாரிகள் இந்தச் சமமின்மையைக் கவனிக்க வேண்டும். மருதமுனையில் கைத்தறிச் சாரம் நெய்கிறவர் தன் புடவைகளின் படங்களைக் கொழும்புக்கோ கட்டாருக்கோ அனுப்பி விற்க நினைக்கிறார். அவருக்கு வேண்டியது அனுப்பும் வேகம். விளம்பரப் பலகையில் பெரிய எழுத்தில் இருப்பதோ பெறும் வேகம்.

கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. வேகத்தை மெகாபிற்றிற் சொல்வார்கள். கோப்புகளின் அளவை மெகாபைற்றிற் சொல்வார்கள். எட்டுப் பிற் சேர்ந்தது ஒரு பைற். ஆகவே "8 மெகாபிற்" இணைப்பு செக்கனுக்கு ஒரு மெகாபைற்றைத்தான் கொண்டுவரும். காணி உறுதியின் படம் 4 மெகாபைற் என்று வையுங்கள். பெறுவதானால் நான்கு செக்கனில் வந்துவிடும். அதே படத்தை அரை மெகாபிற் வேகத்தில் அனுப்புவதானால் ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். எட்டாம் வகுப்புக் கணக்குத்தான். ஆனால் இதைச் சொல்லிக்கொடுத்து விற்கிற ஒருவரை நாம் இன்னும் சந்திக்கவில்லை.

மதகிலிருந்து எவ்வளவு தூரம்?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: செம்புக் கம்பியில் வேகத்தைத் தீர்மானிப்பது நீங்கள் கட்டும் பணம் மட்டுமல்ல, தொலைபேசி நிலையத்திலிருந்து உங்கள் வீடு வரை கம்பி வரும் தூரமுந்தான்.

எமது விவசாயிகளுக்கு இதை விளக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. வாய்க்காலின் தலைப்பில் இருக்கும் வயலுக்குத் தண்ணீர் நிறைய வரும். கடைசியில் இருக்கும் வயலுக்கு, வழியெல்லாம் கசிந்தும் ஆவியாகியும் போனது போக, மிச்சம் வரும். கம்பியிலும் அப்படியே. தூரம் கூடக்கூட மேல் அதிர்வுகள் முதலில் மங்கிப் போகின்றன. அதிவேகம் தங்கியிருப்பதோ அந்த மேல் அதிர்வுகளில். ஏ.டி.எஸ்.எல். இன் பிந்திய வகை 24 மெகாபிற் வரை தரக்கூடியது. நிலையத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் இருப்பவர் 20 ஐத் தாண்டலாம். மூன்று கிலோமீற்றரில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஐந்தைத் தாண்டினால் ஒன்று இரண்டு கிடைப்பதே பெரிய காரியம், பல வேளைகளில் இணைப்பே நிற்காது. இந்தத் தூரம் காகம் பறக்கும் தூரமல்ல. தூண் தூணாகக் கம்பி வளைந்து வரும் தூரம். கடற்கரையோரத்தில் உப்புக் காற்றுப் பட்டு மூட்டுகள் துருவேறினால் இன்னுங் குறையும்.

இப்போது எமது ஊர்களின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். நிலையம் இருப்பது நகர நடுவில், பிரதான வீதியை அண்டி. கிழக்கே கடல், மேற்கே வயல், இடையில் நெருக்கமான வீடுகள். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து போனபின், வடக்குக் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசு அறிவித்தது. கல்முனை, சாய்ந்தமருது போன்ற இடங்களில் வேறு நிலம் ஏது? வயலை நிரப்பியும், ஊருக்குத் தொலைவில் அரச காணி தேடியும் வீட்டுத்திட்டங்கள் வந்தன. அதற்கு முன் 1990 இன் வன்செயல்களில் கிராமங்களை விட்டு ஓடி வந்தவர்களுக்கும் ஊரின் ஓரங்களே கிடைத்தன. ஆகவே இடம்பெயர்ந்த குடும்பம் என்றாலே பெரும்பாலும் கம்பியின் கடைசியில் இருக்கும் குடும்பம். நகரத்துக்கு அச்சடிக்கப்பட்ட அதே துண்டுப்பிரசுரத்தில் உள்ள அதே வேகத்தை அதே விலைக்கு அவர்களுக்கும் காட்டுகிறார்கள். "24 மெகாபிற் வரை" என்று எழுதியிருக்கும். அந்த "வரை" என்ற சொல்லை மட்டும் சிறிய எழுத்திற் போட்டிருப்பார்கள்.

எமக்குத் தெரிந்த ஒரு வீட்டுத்திட்டத்தில் பதினொரு குடும்பங்கள் தனித்தனியே இப்படி இணைப்பு எடுத்தன. ஒரு வருடத்துள் எட்டுக் குடும்பங்கள் கட்டணம் கட்ட முடியாமலோ, கட்டியும் பயனில்லாமலோ விட்டுவிட்டன. எந்த நிறுவனம் என்பது இங்கு முக்கியமல்ல. ஒருவர்கூடத் தூரத்தைச் சொல்லவில்லை, ஒருவர்கூடத் தூரத்தைக் கேட்கவுமில்லை என்பதே முக்கியம்.

மின்சாரத்தையும் கணக்கில் எடுங்கள். பழைய கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் நிலையத்திலிருந்தே கம்பி வழியாக வரும். ஊரில் கரன்ட் இல்லாத இரவிலும் அது வேலை செய்தது அதனாற்றான். இணையத்துக்கான ரவுட்டர் பெட்டிக்கோ வீட்டு மின்சாரம் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது பணம் கட்டிய இணைப்புகள் சும்மா கிடந்தன. பெட்டியின் மின்னழுத்தத்துக்குப் பொருந்தும் சிறு பற்றரி ஒன்று சில மணித்தியாலம் தாங்கும். இடி மின்னல் காலத்தில் மின்கம்பியை மட்டுமல்ல, தொலைபேசிக் கம்பியையும் பெட்டியிலிருந்து கழற்றி வையுங்கள். மின்னல் இரண்டு வழியாலும் வரும்.

செம்பின் காலம் முடிந்துகொண்டு வருகிறது என்பதையும் ஒளிக்காமற் சொல்ல வேண்டும். ஸ்பெயினில் 2025 இல் செம்புத் தொலைபேசி வலையமைப்பை மூடினார்கள். பிரித்தானியாவில் பழைய தொலைபேசி முறையை நிறுத்தும் திகதியாக 2027 ஜனவரியைக் குறித்திருக்கிறார்கள். இலங்கையிலும் ஒளியிழைக் கம்பி ஊருக்கு ஊர் போய்க்கொண்டிருக்கிறது. அதில் ஒளி போவதால் சில கிலோமீற்றர் தூரம் ஒரு பொருட்டல்ல. கோபுரத்திலிருந்து வானலை மூலம் வரும் 4ஜி பெட்டியும் உண்டு. நகரத்தில் நிலையான கட்டடத்தில் கடை வைத்திருப்பவர், தெருவுக்கு ஒளியிழை வந்திருந்தால் அதையே எடுக்கட்டும். வரவில்லை, ஆனால் நிலையம் கிட்ட, கம்பியும் நல்ல கம்பி என்றால் டி.எஸ்.எல். போதும். கணக்குப் பார்க்கவும் வங்கி வேலைக்கும் ஓடர் எடுக்கவும் அது தாராளம். நாளைக்கு எங்கே இருப்போம் என்று தெரியாத குடும்பத்துக்கோ சுவரில் அடிக்கும் எந்தக் கம்பியும் பொருந்தாது. தூக்கிக்கொண்டு போகக்கூடிய 4ஜி பெட்டியோ கைப்பேசித் தரவோதான் அவர்களுக்குச் சரி.

இன்னொன்று. கட்டணம் மாதத்துக்கு மாதம் வரும். நெற்காணிக்காரனின் வருமானம் போகத்துக்குப் போகம் வரும். பெரும்போக அறுவடை முடிந்து நெல் விற்ற கையோடு ஆறு மாதத்துக்கு முற்பணம் கட்ட ஒருவராலும் முடியலாம். கார்த்திகை மார்கழியில், பசளைக்கும் கிருமிநாசினிக்கும் கடன் வாங்கும் நேரத்தில், இணையக் கட்டணம் கட்ட முடியாது. மாதச் சம்பளக்காரரை நினைத்தே இந்தத் திட்டங்கள் எல்லாம் வரையப்பட்டிருக்கின்றன. போகத்துக்கு ஒருமுறை கட்டும் ஒழுங்கை விவசாய அமைப்புகள் கேட்டுப் பெற வேண்டும். கேட்காமல் எந்தக் கம்பனியும் தராது.

முகவரி இல்லாதவர்கள்

தூரத்தைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. கம்பி ஒரு முகவரிக்குத்தான் வரும். இடம்பெயர்ந்தவனிடம் இல்லாததே அந்த முகவரிதான்.

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியுடன் சுனாமியாற் பாதிக்கப்பட்டோருக்காக 500 வீடுகள் கட்டப்பட்டன. வழக்கும் அரசியலும் குறுக்கிட, அவை பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. வீடு இருந்தும் ஆளில்லை, ஆள் இருந்தும் வீடில்லை. பாணமையில் 2010 ஜூலையில் விவசாயக் குடும்பங்கள் தங்கள் காணிகளிலிருந்து விரட்டப்பட்டன. 2015 பெப்ரவரியில் 340 ஏக்கரை விடுவிக்க அமைச்சரவை முடிவெடுத்தது. காகிதத்தில் எடுத்த முடிவு காணியில் இறங்குவதற்குள் மக்கள் எத்தனை முறை நடந்தார்கள் என்பதைப் பாணமைப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இப்படிப்பட்டவர்கள் இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ காட்டு என்று கேட்பது, கால் இல்லாதவனிடம் செருப்பைக் காட்டு என்பது போன்றது. ஒரு குடும்பம் ஓரிடத்தில் வசிக்கிறது என்பதற்கு கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சி போதும். இணைப்புக் கொடுப்பதால் யாருக்கும் காணி உரிமை வந்துவிடாது, கொடுக்காமல் விடுவதால் யாருடைய உரிமையும் போய்விடாது. இதை எழுத்திலேயே போட்டு, வசிப்பிடத்தை மட்டும் வைத்து இணைப்புக் கொடுக்கும்படி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு நிறுவனங்களுக்குப் பணிக்க வேண்டும் என்பது எமது கோரிக்கை.

காணியை இழந்தவனுக்கு இணையம் எதற்கு என்று படித்தவர்கள் சிலரே எம்மிடம் கேட்டிருக்கிறார்கள். காணியை இழந்தவனுக்குத்தான் அது வேண்டும். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் கதையைப் பாருங்கள். மன்னார் முசலிப் பகுதியின் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி மக்கள் புத்தளத்து முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் உரிமை கோரும் நிலங்களை உள்ளடக்கிய பகுதி 2012 ஒக்ரோபரில் வர்த்தமானி மூலம் ஒதுக்கப்பட்ட காடாயிற்று. 2017 மார்ச்சில் மாவில்லுப் பேணற்காடு என்று இன்னொரு வர்த்தமானி வந்தது. காடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. காட்டுக்கும் நீதி வேண்டும். ஆனால் சொந்தக்காரன் வேறொரு மாவட்டத்தில் ஓலைக் கொட்டிலில் இருக்கும்போது அச்சாகும் அறிவித்தலை அவன் எங்கே, எப்படி வாசிப்பான்?

இன்று வர்த்தமானிகளை அரசாங்க அச்சகத் திணைக்களம் மூன்று மொழியிலும் இணையத்தில் இலவசமாக இடுகிறது. வாராந்த வர்த்தமானி வெள்ளிக்கிழமை வரும், அதிவிசேட வர்த்தமானி எந்த நாளிலும் வரலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் காணிக் கோவை பற்றி எழுதிக் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். ஒரு கிராமத்தில் ஓர் ஆள் வாரத்தில் ஒரு மணித்தியாலம் இருந்து, தமது கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரும் பிரதேச செயலகத்தின் பெயரும் வருகிற அறிவித்தல்களைப் பார்த்து உரத்து வாசித்தாலே போதும். இதற்கு 24 மெகாபிற் தேவையில்லை. இரண்டு மெகாபிற் அறுந்துபோகாமல் வந்தாற் போதும்.

குடியேற்றத்துக்கு ஓர் இணைப்பு

இது எமது கற்பனை அல்ல. இலங்கையிலேயே நடந்தது. கொத்மலை அணைக்காக மக்கள் கிராமங்களை இழந்தார்கள். அவர்களுக்கென்று 1989 இல் மகாவலி சமூக வானொலியின் கீழ் கொத்மலை வானொலி தொடங்கியது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோ உதவியோடு அந்த வானொலி நிலையத்துக்கு நிரந்தர இணைய இணைப்பு ஒன்று கிடைத்தது. வீடுகளில் கணனி இல்லை, ஆங்கிலமும் பலருக்குத் தெரியாது. ஆகவே மக்கள் கேள்விகளைக் கடிதத்திலும் தொலைபேசியிலும் அனுப்ப, நிலையத்தார் இணையத்தில் விடை தேடி, விளங்கும் மொழியில் வானொலியிற் சொன்னார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் மக்கள் உட்கார்ந்து பார்க்க வசதி செய்தார்கள். பிறகு வந்த நெனசல அறிவு நிலையங்களும் இதே எண்ணத்திற் பிறந்தவையே. அவற்றுள் சில நன்றாக நடந்தன, சில கணனி தூசிபடிந்து மூடப்பட்டன. அரசு பெட்டியைக் கொடுத்து, பொறுப்பை யாருக்கும் கொடுக்காத இடங்களில் அப்படித்தான் முடியும்.

ஆகவே பொறுப்பு உங்களிடம் இருக்க வேண்டும். விவசாய அமைப்பின் கட்டடம், பள்ளிவாசல் வளவு, கோவில் மண்டபம், எமது பணியகத்தின் முன்னறை, எதுவானாலும் எல்லோரும் கூச்சமின்றி வந்து போகும் இடமாக இருக்கட்டும். விதவைத் தாய்மாரும் இளம் பெண்களும் வர முடியாத இடமென்றால் அது பொது இடமே அல்ல. அசிங்கங்களைப் பிள்ளைகள் பார்த்துவிடுவார்களே என்று பள்ளிவாசல் நிர்வாகிகளும் பெற்றோரும் அஞ்சுகிறார்கள். எமக்கும் அந்த அச்சம் உண்டு. கணனியின் திரை வாசலைப் பார்த்தபடி இருக்கட்டும். தனியறையில் கைப்பேசியோடு இருக்கும் பிள்ளையைவிட, பலர் நடுவே திரைமுன் இருக்கும் பிள்ளை பத்திரம்.

இருபது குடும்பங்கள் சேர்ந்தால் மாதக் கட்டணத்தில் ஒரு குடும்பத்தின் பங்கு ஒரு றாத்தல் பாண் விலைக்கு மேலே அதிகம் போகாது. படியெடுக்க ஒரு ஸ்கானர், அச்சிட ஒரு பிரின்ரர், பொறுப்பாக ஓர் இளைஞனும் ஓர் இளம் பெண்ணும், வரவு செலவு எழுத ஒரு கொப்பி. உறுதி, அனுமதிப்பத்திரம், நட்டஈட்டுக் கடிதம், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கான் செய்து, இணையத்தில் ஒரு பிரதியும் வெளியூரில் நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு பிரதியும் வையுங்கள். 2004 இல் கடல் கொண்டுபோன காகிதங்களைத் திரும்ப எடுக்க அலைந்த அலைச்சலை இன்னும் எவரும் மறக்கவில்லை.

நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. எல்லாவற்றுக்கும் இணையம் வேண்டுமா? இல்லை. விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்குச் சாதாரணத் தொலைபேசியில் அழைத்தே பயிர் நோய்க்கு ஆலோசனை கேட்கலாம். கேரளக் கடலில் 1997 க்கும் 2001 க்கும் இடையில் கைப்பேசி வந்தபோது, மீனவர்கள் கரைக்கு வருமுன் பேசி விலை அறிந்து, விலை கிடைக்கும் துறைக்குப் படகைத் திருப்பினார்கள். அவர்களின் இலாபம் சராசரி 8 சதவீதம் கூடியது, வாங்குவோருக்கான விலை 4 சதவீதம் குறைந்தது என்று றொபேட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 2007 இல் எழுதினார். வெறும் பேச்சினால் நடந்தது அது. நெல் விலையை அறிந்துகொள்ளப் பேசினாலே போதும். பத்திரம் பார்க்க, பதிவு செய்ய, படிக்கத்தான் நல்ல இணைப்பு வேண்டும்.

கல்லோயா இடதுகரையில் 1980களின் தொடக்கத்தில் நடந்ததை மூத்த விவசாயிகள் அறிவர். நீர்த்தேக்கத்தில் தண்ணீர் குறைந்த காலத்தில், தலைப்பு வயற்காரர்கள் சில நாட்கள் தங்கள் மதகுகளை மூடி, கடைசி வயல்களுக்குத் தண்ணீர் விட்டார்கள். தலைப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைசியில் தமிழ் பேசும் விவசாயிகளின் வயல்களும் இருந்தன. விவசாயிகள் குழுக்களாக அமைந்த பிறகே அது நடந்தது. மேலிருந்து வந்த உத்தரவு அல்ல.

பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்துக்குப் பிரதேச செயலாளர், கமநல சேவை உத்தியோகத்தர், நீர்ப்பாசனத் திணைக்களத்தார், வட்டவிதானைமார் எல்லோரும் ஒரே இடத்துக்கு வருவார்கள். இந்தப் பெரும்போகக் கூட்டத்தில் உங்கள் அமைப்பின் சார்பில் ஒருவர் எழுந்து பொது இணைப்புக்கு ஒரு கட்டடமும் வசிப்பிட அத்தாட்சியும் கேட்கட்டும். இணைப்புத் தரும் நிறுவனத்திடம் கையெழுத்திடுமுன் நான்கு விடயங்களை எழுத்திற் பெறுங்கள்: நிலையத்திலிருந்து கம்பித் தூரம், பெறும் வேகமும் அனுப்பும் வேகமும் குறைந்தது எவ்வளவு, மாதத் தரவு அளவு முடிந்தபின் வேகம் என்னவாகும், இடையில் நிறுத்தினால் எவ்வளவு கட்ட வேண்டும். தர மறுத்தால், மறுத்தவரின் பெயரையும் திகதியையும் குறித்துக்கொண்டு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1900 இலக்கத்துக்கு அழையுங்கள். கிடைத்த பதில்களின் பிரதியொன்றை எமது பணியகத்துக்கும் அனுப்பி வையுங்கள். எந்த ஊருக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று அடுத்த இதழில் ஒரு பட்டியலாகப் போடுவோம்.